அவனிடம் கேட்க ஒன்று இருந்தது

“உங்க அக்காவுக்காக இந்த மாவட்டம் எவ்வளவுதான் செலவு பண்ணணும்னு நினைக்கிற, கண்ணு?”

ஓபல் கேன்ட்ரி என்னிடம் இப்படிக் கேட்டபோது, நான் அவர் வீட்டு வாசலில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை நீட்டியபடி நின்றிருந்தேன். அது அவருடைய பாத்திரம்தான். அக்கா இறந்த வாரத்தில் அதில் கோழியும் பாலாடைக்கட்டியும் போட்டு வேகவைத்த நூடுல்ஸ் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கழுவித் துடைத்துத் திருப்பித்தர எனக்குக் குளிர்காலம் முழுவதும் ஆகிவிட்டது.

அவர் குரலில் கோபம் இல்லை. மழை வருமா என்று விசாரிப்பது போலக் கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இருந்த சாலையைப் பார்த்தார். எனக்குப் பதில் தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடும்போது ‘இருக்கிறேன்’ என்று சொல்லாமல் கையை மட்டும் தூக்குவேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு அடுப்பு எரியக் கூடாது. ஊரார் சமைத்துக் கொண்டுவருவார்கள். பாத்திரத்தின் அடியில் ஒட்டுத்தாளில் பெயர் எழுதியிருக்கும். எல்லாம் அடங்கிய பிறகு, துக்க வீட்டில் யாராவது ஒருவர் அந்தப் பாத்திரங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டதால் அந்த வேலை எனக்கு வந்தது. நான் வகுப்புக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். அதைத் தாங்க முடியாமல்தான் நின்றேன். ஏன் போகவில்லை என்று அம்மா கேட்கவே இல்லை. நான் வீட்டில் இருப்பது அவருக்குத் தெரிந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

பேசாத பெண்ணின் முன்னால் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் பேசுகிறார்கள். பக் ஹேட்லி வீட்டில் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு நான் படி இறங்குவதற்குள், அவர் சமையலறையிலிருந்து சொன்னது காதில் விழுந்தது.

“ஒரு தோட்டா என்ன விலைன்னு எனக்குத் தெரியும். கடையில நான்தான விக்கிறேன். மிச்சத்துக்கெல்லாம் எதுக்கு வரி?”

“வாயை மூடுங்க. அந்தப் பொண்ணு இன்னும் வாசல்லதான் இருக்கு,” என்றார் அவர் மனைவி.

“அதுதான் யார்கிட்டயும் பேசாதே.”

“காது இருக்கில்ல?”

என் அக்கா கெண்ட்ரா என்னைப் போல இல்லை. வண்டியை ஒரே கையால் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு, மறு கையால் பபிள்கம் உறையைப் பிரிப்பாள். அமரில்லோ நகரத்துக்குப் போய் முடி திருத்தும் படிப்புப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காக நெடுஞ்சாலையில் இருந்த பெட்ரோல் பங்க் கடையில் வேலை பார்த்தாள். பழகுவதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே தலை அம்மாவுடையதுதான். முதியோர் இல்லத்தில் நாள் முழுவதும் படுக்கை மாற்றிவிட்டு வரும் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துச் சாயம் பூசுவாள். “வெர்னா பிக்கட், உனக்கு வயசு பத்து குறைஞ்சாச்சு, இனிமே என்னை அக்கான்னு கூப்பிடு,” என்பாள். அம்மா சிரித்துச் சிரித்துச் சாயம் கழுத்தில் வழியும். அப்பா ஓக்லஹோமா எண்ணெய்க் கிணறுகளுக்குப் போய் அங்கேயே இருந்துவிட்ட பிறகு, எங்கள் வீட்டில் சத்தம் என்பது கெண்ட்ராதான்.

அந்தச் சாயங்காலம் அவளுக்குக் கடையில் வேலை. புதுச் சாயம் வாங்கி வைத்திருந்தாள். “நீயே பூசிக்கம்மா. ஆனா அரை மணி நேரம்தான். மறந்து உக்காந்துட்டா ஆரஞ்சு நிறத்துக்குப் போயிடும். முடிஞ்சா கடையிலேருந்து கூப்பிட்டு ஞாபகப்படுத்தறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அன்றைக்குச் சபைக் கட்டடத்தில் விற்பனைக்குப் பெக்கான் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா தனியாக இருந்தார். தலை நிறையச் சாயம், இரண்டு கையிலும் ரப்பர் உறை. தொலைபேசி ஒரு முறை அடித்தது. உறையைக் கழற்றிக்கொண்டே ஓடினார். இரண்டாவது முறை பாதி அடித்து நின்றுவிட்டது.

கெண்ட்ராவைக் கடை மேசைக்குப் பின்னால் பிணமாக ஒரு லாரி ஓட்டுநர் கண்டுபிடித்தார்.

மறுநாளே லோனி டீக் பிடிபட்டான். பக்கத்து ஊர்க்காரன். பருத்திப் பருவத்தில் ஜின்னிங் மில்லில் மூட்டை கட்டுவான். அவனுக்குக் கெண்ட்ராவின் வயதுதான். “நான்தான் செஞ்சேன், வக்கீல் வேணும்,” என்று ஷெரிஃபிடம் சொன்னவன், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. கடையில் இருந்த கேமரா வெறும் கூடு. திருடர்களைப் பயமுறுத்த முதலாளி மாட்டி வைத்தது. அன்று மாலை கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு அழைப்பு வந்தது என்பது மட்டும் தொலைபேசிக் கம்பெனியில் பதிவாகியிருந்தது. அவன் கடைக்குள் எப்போது நுழைந்தான் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த அழைப்பு, சாயத்தைக் கழுவச் சொல்லிக் கூப்பிட்டதா? இல்லை, அவன் எதிரில் நிற்கும்போது அம்மாவைக் கூப்பிட்டதா? சாப்பிட உட்கார்ந்தாலும் துணி மடித்தாலும் அதுதான். என்னிடம் கேட்க மாட்டார். சுவரில் இருந்த தொலைபேசியைப் பார்ப்பார். அதற்குப் பிறகு அவர் தலைக்குச் சாயம் பூசவே இல்லை. வேரிலிருந்து நரை இறங்கிக்கொண்டே வந்தது.

அரசு வக்கீல் ஸ்ட்ராஹன் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, சர்க்கரை போட்ட ஐஸ் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்: “இந்தக் கேஸ்ல மரண தண்டனைதான் கேக்கப் போறேன், வெர்னா.”

“அந்த போன் விஷயம்?”

“எல்லாம் கோர்ட்ல வெளிய வரும். சாட்சிங்க, டாக்டருங்க, அவன் ஷெரிஃப் ஆபீஸ்ல சொன்னது, எல்லாம். ஒண்ணும் ஒளிச்சு வெக்க முடியாது.”

மரண தண்டனை என்ற சொல் அம்மாவின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ‘வெளிய வரும்’ என்றதை மட்டும் பிடித்துக்கொண்டார். அதற்காகத்தான் காலையில் எழுந்தார், வேலைக்குப் போனார்.

ஆனால் மரண தண்டனை கேட்டு ஒரு வழக்கு நடத்துவது எங்கள் மாவட்டத்தால் தாங்கக்கூடியதாக இல்லை. இரண்டு வருடமாக மழை இல்லாமல் பருத்தி முழங்கால் உயரத்திலேயே கருகிவிட்டது. லோனியிடம் பணம் இல்லாததால் அவனுக்கு வெளியூரிலிருந்து இரண்டு வக்கீல்களை மாவட்டமே வைத்துக் கொடுக்க வேண்டும். அவன் மூளையைப் பரிசோதிக்க ஒரு டாக்டர், அவர் சொல்வதை மறுக்க இன்னொரு டாக்டர். ஜூரிக்கு ஆள் பொறுக்குவதற்கே பல வாரம் ஆகுமாம். வீட்டு வரியும் நில வரியும் ஏறும், இருக்கிற இரண்டு ஆம்புலன்ஸில் ஒன்றை நிறுத்துவார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஓபலின் கணவர் ஏர்ல் பக்கவாதத்தில் விழுந்தபோது அந்த இரண்டாவது ஆம்புலன்ஸ்தான் வந்தது. அவர் ஏன் என்னிடம் அப்படிக் கேட்டார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

வசந்தத்தில் நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மாவட்டக் குழு கூடியது. நாற்காலி போதாமல் ஆண்கள் சுவரோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவும் நானும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். எங்கள் இரண்டு பக்கமும் ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது.

குழுத் தலைவர் ஹாலிஸ் டர்ன்பவ் தொண்டையைச் செருமினார். “யாரும் இங்க கெண்ட்ராவுக்கு விலை போடல. அதை முதல்லயே சொல்லிடறேன்.”

“நீ போடலைன்னா யாரு போடறா ஹாலிஸ்? கணக்குக் காகிதம் உன் கையிலதான இருக்கு,” என்றார் பக் ஹேட்லி.

சிலர் சிரித்தார்கள். அம்மாவின் தலை தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

“அவனுக்கு வக்கீல் வெக்கவும் நம்ம காசு, அவனைக் கொல்லவும் நம்ம காசு,” என்று பக் தொடர்ந்தார். “அவன் ஒருத்தன்தான் காசு போடாம உக்காந்திருக்கான்.”

“அவனுக்கு நல்ல வக்கீல் இல்லைன்னா மேல் கோர்ட்ல தூக்கிப் போட்டுடுவாங்க, பக்,” என்றார் ஸ்ட்ராஹன். “அப்புறம் முதல்லேருந்து நடத்தணும். ரெண்டு மடங்கு செலவு.”

பள்ளிப் பேருந்து ஓட்டும் நடீன் எழுந்தார். எங்கள் ஊரில் யாருக்கும் பயப்படாதவர் அவர் ஒருவர்தான். “நான் ஒண்ணு கேக்கறேன். எண்ணெய் எடுக்கற மாவட்டத்துல இது நடந்திருந்தா, இந்தக் கூட்டம் போட்டிருப்பாங்களா? அங்க செத்தா கேஸ் நடக்கும், இங்க பருத்தி காஞ்சா கேஸும் காஞ்சிடுமா? இது என்ன நியாயம்?”

“நியாயம் வேற, கஜானா வேற, நடீன்.”

“அதைத்தான் நானும் சொல்றேன், ஹாலிஸ். வேற வேறயா இருக்கக் கூடாதுன்றேன்.”

“சரி, உன் பஸ்ஸை நிறுத்திட்டு அந்தக் காசை எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்க. பிள்ளைங்களை நீ தோள்ல தூக்கிட்டுப் போ.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஓபல் எழுந்தார். பேச ஆரம்பிப்பதற்கு முன் அம்மாவின் பக்கம் திரும்பினார். “வெர்னா, எனக்கு இதைச் சொல்றதுக்கே வெக்கமா இருக்கு. கெண்ட்ரா சின்னப் பிள்ளையில எங்க வீட்டுலதான் பாதி நாள் கிடப்பா. ஆனா ஏர்ல் விழுந்த அன்னிக்கு அந்த வண்டி இல்லைன்னா எங்க வீடும் ஒரு சாவு வீடு ஆயிருக்கும். நாளைக்கு வேற யாரோட வீடோ. அவ்வளவுதான்.” உட்கார்ந்ததும் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்ட்ராஹன் எழுந்து, இன்னொரு வழி இருக்கிறது என்றார். மரண தண்டனை கேட்பதைக் கைவிட்டால் லோனி குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தயார் என்று அவன் வக்கீல்கள் சொல்லியிருக்கிறார்கள். சாகும்வரை சிறை. வெளியே வரவே முடியாது. ஜூரி, டாக்டர் எதற்கும் செலவு இல்லை. “ஆனா வெர்னாவுக்குச் சம்மதம் இல்லாம அந்தப் பக்கம் போக எனக்கு மனசு இல்ல.”

அறை முழுவதும் எங்களைப் பார்த்தது. அம்மா எழுந்து நின்றார்.

“அவன் ஒத்துக்குவானா? எல்லார் முன்னாடியும்?”

“ஒத்துக்குவான்மா. நீதிபதி முன்னாடி.”

“நின்னுக்கிட்டா?”

“நின்னுதான்.”

“நானும் அங்க இருக்கலாமா?”

“முதல் வரிசையில இருக்கலாம்.”

“அப்ப சரி. எனக்கு அவன் சாகணும்னு இல்ல. அவன் பேசினாப் போதும்,” என்றார் அம்மா.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். அதைத் தொடர்ந்து அறை முழுவதும் மூச்சு விடுவது போல ஒரு சத்தம் கேட்டது. வெளியே போகும்போது ஓபல் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். பக் ஹேட்லி தொப்பியை நெஞ்சில் வைத்து, “நீங்க பெரிய மனசுக்காரங்க, வெர்னா,” என்றார். நடீன் மட்டும் தூரத்தில் நின்று எங்களைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு பேருந்துச் சாவியோடு போய்விட்டார்.

அம்மா என்ன நினைத்துச் சம்மதித்தார் என்பது எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைத்தேன். எங்கள் சபையில் புதன்கிழமைக் கூட்டத்தில், தவறு செய்தவர் முன்னால் வந்து நிற்பார். நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை அவர் வாயால் சொல்ல வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது டப் சோரல்ஸ் என்ற கிழவர் கன்றுக்குட்டி திருடியதை அப்படிச் சொன்னார். ஒவ்வொரு கன்றின் நிறம், காதில் இருந்த அடையாளம், வேலியை எந்த இடத்தில் வெட்டினார், வெட்டும்போது அவர் நாய் எப்படிப் பார்த்தது. குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். யாரும் அவரைச் சுருக்கமாகச் சொல்லும்படி கேட்கவில்லை. பாதி சொல்லி நிறுத்தினால் எங்கள் சபையில் அது ஒப்புக்கொள்வதே இல்லை.

“டப் மாதிரி அவனும் சொல்லணும்,” என்றார் அம்மா, அன்றைக்கு வண்டியில் வீடு திரும்பும்போது. “நடுவுல நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அவனே அந்த இடத்துக்கு வருவான்.”

அடுத்த வாரம் மறுபடியும் பாத்திரங்கள் வந்தன. யாரும் சாகவில்லை, இருந்தாலும் வந்தன. பெக்கான் பை, வாழைப்பழப் புட்டிங், பக் வீட்டிலிருந்து புகையில் சுட்ட மாட்டிறைச்சி. அம்மா பல மாதம் கழித்து ஒரு தட்டு முழுவதும் சாப்பிட்டார். நீலக் கவுனை எடுத்துத் தேய்த்து, கதவில் மாட்டி வைத்தார்.

விசாரணை நாளுக்குச் சில நாட்களுக்கு முன் ஸ்ட்ராஹன் அலுவலகத்திலிருந்து பெவர்லி வந்தார். இறந்தவர்களின் குடும்பத்தோடு பேசிப் பழகுவதுதான் அவர் வேலை. நல்ல பெண்மணி. கைப்பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும், எனக்கு ஒன்று கொடுத்தார்.

“தீர்ப்பு சொன்னதும் நீங்க அவன்கிட்ட பேசலாம் வெர்னா. எழுதி வெச்சுக்கிட்டா நல்லது. அங்க போனதும் தொண்டை அடைச்சுக்கும்.”

“அவன் முதல்ல சொல்லி முடிக்கட்டும். அதைக் கேட்டுட்டு நான் பேசறேன்.”

பெவர்லி கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். “அவன் என்ன சொல்லணும்?”

“நடந்ததை.”

“வெர்னா, நீதிபதி அவன்கிட்ட, குத்தத்தை ஒத்துக்கறியான்னு கேப்பாரு. அவன் ஆமாங்கய்யாம்பான். யாராவது மிரட்டினாங்களான்னு கேப்பாரு. இல்லைங்கய்யாம்பான். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“சட்டத்துக்கு அது போதும்.”

அம்மா என்னைப் பார்த்தார். நான்தான் அவருக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்தேன் என்பது போல அல்ல. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளத்தில் விழுந்துவிட்டோம் என்பது போல.

“சரி,” என்றார் மெதுவாக. “அப்ப நானே கேட்டுடறேன். எழுதிக்க,” என்று என்னிடம் சொன்னார். நான் பேனா எடுத்தேன். கெண்ட்ரா கூப்பிட்டப்ப நீ உள்ள வந்துட்டியா? அவ என்னைக் கூப்பிடறேன்னு சொன்னாளா? போனை நீ வெச்சியா அவ வெச்சாளா? அவ பயந்தாளா? நான் எழுத எழுத, பெவர்லி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்துபோனது.

“இது எதுவும் முடியாது, வெர்னா. அவன்கிட்ட கேள்வி கேக்கக் கூடாது. சட்டத்துலயே எழுதியிருக்கு. நீங்க பேசலாம், கேக்க முடியாது.” என் கையிலிருந்து பேனாவை மெல்ல வாங்கி ஒவ்வொரு வரியாக அடித்தார். கடைசியில் ‘கெண்ட்ரா’ என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

“பின்ன நான் அவன்கிட்ட என்னதான் சொல்றது?”

“உங்க மனசுல என்ன இருக்கோ அதை. உங்க கோபம், உங்க வேதனை. எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க.”

“எனக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது பெவர்லி. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. அது மட்டும்தான் இருக்கு.”

மறுநாள் அம்மா வேலைக்குப் போகாமல் ஸ்ட்ராஹனிடம் போனார். நானும் கூடப் போனேன். பழையபடி வழக்கை நடத்த முடியுமா என்று கேட்டார். ஸ்ட்ராஹன் மேசை விளிம்பைத் தடவினார்.

“கையெழுத்து ஆயிடுச்சும்மா. வழக்கு அரசாங்கத்தோடது. உங்க பேர்ல இல்ல.”

“பொண்ணு என்னோடதாச்சே.”

“ஊர் முன்னாடி நீங்கதான சம்மதம்னு சொன்னீங்க.”

“நான் என்னத்துக்குச் சம்மதிச்சேன்னு எனக்கே இப்பத்தான தெரியுது.”

அவர் மனசாட்சி இல்லாதவர் அல்ல. அம்மாவின் கேள்வியை லோனியின் வக்கீல்களிடம் அன்றைக்கே தொலைபேசியில் கேட்டார். தீர்ப்பு முடியும்வரை அவன் யாரிடமும் எதுவும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வேண்டுமானால் சிறைக்குக் கடிதம் எழுதலாம், ஆனால் பதில் எழுதுவதா வேண்டாமா என்பது அவன் விருப்பம் என்றார்கள்.

“வழக்கு நடந்திருந்தாலும் அவன் வாயைத் திறந்திருப்பான்னு உறுதி இல்ல, வெர்னா,” என்றார் ஸ்ட்ராஹன். “பேசாம உக்காரறதுக்கு அவனுக்கு உரிமை இருக்கு.”

“இதை நீங்க அன்னிக்கு எங்க வீட்டுல டீ குடிக்கறப்பச் சொல்லல.”

விசாரணை நாளன்று அம்மா நீலக் கவுனைப் போட்டுக்கொண்டார். தலையில் பாதி நரை, பாதி பழுப்பு. எங்களுக்குப் பின்னால் ஊர் முழுவதும் உட்கார்ந்திருந்தது. ஓபல், ஏர்லைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார். எங்கள் பக்கத்து வரிசைகளில் இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பெண், உணவுவிடுதி வேலைச் சீருடையோடு, மடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லோனியின் அம்மா என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். அவர் வீட்டுக்கு யாரும் எதையும் சமைத்து எடுத்துப் போயிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

லோனியை அழைத்து வந்தார்கள். நான் நினைத்ததைவிடச் சின்ன ஆளாக இருந்தான். யாருடையதோ ஒரு கோட்டு, தோள் இறங்கித் தொங்கியது. வெள்ளை முடி நீதிபதி கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்துப் படித்தார்.

“இந்தக் குற்றத்தை நீ செய்தாய் என்பதை ஒப்புக்கொள்கிறாயா?”

“ஆமாங்கய்யா.”

“உன்னை யாராவது வற்புறுத்தினார்களா?”

“இல்லைங்கய்யா.”

“இதனால் என்ன ஆகும் என்று உனக்குப் புரிகிறதா?”

“ஆமாங்கய்யா.”

அம்மா ஒவ்வொரு ‘ங்கய்யா’வுக்கும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார், அடுத்த வாக்கியம் வரும் என்று. வரவில்லை. வங்கியில் ஒரு காசோலையை மாற்றும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாகும்வரை சிறை என்று நீதிபதி சொன்னார். பின்னால் யாரோ தாழ்ந்த குரலில் ஆமென் என்றார்கள்.

பெவர்லி அம்மாவின் முழங்கையைத் தொட்டார். அம்மா எழுந்து முன்னால் போனார். கையில் காகிதம் இல்லை.

“நான் கேள்வி எதுவும் கேக்கப் போறதில்லைங்க,” என்றார் நீதிபதியிடம்.

“நல்லதும்மா. பேசுங்க.”

அம்மா லோனியின் பக்கம் திரும்பினார். திட்டவில்லை, அழவில்லை. முதியோர் இல்லத்தில் காது கேட்காதவர்களிடம் பேசுவது போல, நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“அன்னிக்கு நான் வேலையிலேருந்து வந்து ஷூவைக் கழட்டினேன். கெண்ட்ரா சாயத்தைக் குளியலறையில எடுத்து வெச்சிருந்தா. கூட ஒரு பழைய துண்டு. மறந்துடாத, நான் கூப்பிடறேன்னு சொல்லிட்டுத்தான் போயிருந்தா. நான் பூசிக்கிட்டு நாற்காலியில உக்காந்தேன். வெளிய இன்னும் வெளிச்சம் இருந்துது. பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது. அப்புறம் போன் அடிச்சுது. ஒரு தடவை முழுசா அடிச்சுது. நான் எழுந்து, முதல்ல வலது கை உறையைக் கழட்டினேன். அது ஒட்டிக்கிட்டு வரல. பல்லால இழுத்தேன். நான் சமையலறைக்கு வர்றதுக்குள்ள ரெண்டாவது தடவை அடிச்சுப் பாதியில நின்னுடுச்சு. நான் எடுத்து ஹலோன்னேன். அங்க யாரும் இல்ல. சாயம் கழுவச் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பான்னு நினைச்சு, போய்த் தலையைக் கழுவினேன். தண்ணி சூடா இருந்துது. நான் பாட்டுக்கு நல்லாத் தேச்சுக் கழுவினேன். அவ கூப்பிட்டது அதுக்குத்தான்னா நான் அதோட வீட்டுக்குப் போயிடுவேன். அதுக்கில்லைன்னாலும் போயிடுவேன். எனக்குத் தெரிஞ்சாப் போதும். தெரிஞ்ச ஆளு இந்த உலகத்துல ஒருத்தர்தான் இருக்காங்க.”

அதோடு நிறுத்திவிட்டார். ஆனால் திரும்பவில்லை. அங்கேயே நின்றார், கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, லோனியைப் பார்த்தபடி.

லோனி அதுவரை மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது தலையைத் தூக்கினான். அவன் காதுகள் சிவந்திருந்தன. உதடு பிரிந்தது. அவன் வக்கீல் அவனைப் பார்க்காமலேயே கையை நீட்டி அவன் கோட்டுக் கையின்மேல் வைத்தார். அழுத்தவில்லை. சும்மா வைத்தார்.

“நன்றி, மிசஸ் பிக்கட்,” என்றார் நீதிபதி.

அம்மா நின்றார்.

“நீங்க உக்காரலாம்மா.”

அம்மா நின்றுகொண்டே இருந்தார். நீதிபதி பேனாவை மூடினார். அம்மாவை உட்கார வைக்கும்படி யாருக்கும் அவர் கையைக் காட்டவில்லை. கடைசியில் காவலர்கள் இரண்டு பேர் போய் லோனியின் இரு பக்கமும் நின்றார்கள். அவன் எழுந்தான். அம்மாவுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு மேசை அளவு தூரம்தான் இருந்தது. அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான், பிறகு வக்கீலைப் பார்த்தான், பிறகு தன் காலடியைப் பார்த்தான். காலில் இருந்த சங்கிலி தரையில் உரசியது. பக்கக் கதவை ஒரு காவலர் திறந்து பிடித்தார். லோனி டீக் ஒரு வார்த்தையும் பேசாமல் அதன் வழியே போய்விட்டான்.